பாட்டாக வந்த பெட்டிசம்

முப்பத்தைந்து வருடம் பெட்டிசம் வாசித்துச் சம்பளம் வாங்கியவன் நான். எல்லை வேலிக் கதியாலைத் தள்ளி நட்ட அயலவன், வயலில் இறங்கிய மாடு, குடியேற்றக் காணியில் பங்கு கேட்ட தமையன், அரிசிக் கூப்பனில் விடுபட்டுப்போன பெயர் என்று வன்னியில் மனிதருக்கும் மனிதருக்கும் இருந்த மனத்தாங்கல் எல்லாம் மனுவாகி என் மேசைக்கு வந்துதான் மேலே போனது.

சென்ற மாதம் இப்போதைய கந்தோரிலிருந்து இரண்டு பெண் உத்தியோகத்தர்கள் ஓய்வூதிய விஷயமாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் ஒரு புதிய படிவத்தைக் காட்டினார்கள். இனிமேல் முறைப்பாடு எதுவானாலும் அதில்தான் எழுத வேண்டுமாம். முறைப்பாட்டுக்கென்று நாலு கோடு விட்டிருந்தது.

"சனம் கண்டபடி எழுதுதுகள் ஐயா. இனி இதுக்குள்ளைதான் எழுதவேணும்" என்றார் ஒருவர்.

"பாட்டாய் எழுதினால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

இருவரும் சிரித்தார்கள். "அப்பிடி ஆரும் எழுதுவினமோ?"

"ஓம். ஒராள் எழுதினவா" என்றேன். அவர்களுக்கு நேரம் போதவில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கிளாக்கர் சோதனை பாஸ் பண்ணி, வவுனியாவில் ஒரு வருடம் தேதி முத்திரை குத்தவும் கடிதக் கோவைக்கு நூல் கட்டவும் பழகிவிட்டு, கண்டி வீதியோரம் இருந்த ஒரு சின்னக் கந்தோருக்கு மாற்றலாகி வந்தேன். இருபத்துநாலு வயது. எனக்குத் தந்த வேலை பெட்டிசப் பகுதி.

அந்தப் பகுதி நிர்வாகம் முழுவதையும் பார்த்த எங்கள் காரியாதிகாரியின் பெயர் அருளம்பலம். சனத்தின் வாயில் அவர் டி.ஆர்.ஓ. ஐயா. மெலிந்து உயர்ந்த மனிதர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பெட்டிசம் எதையும் கதிரையில் இருந்து வாசிக்க மாட்டார். எழுந்து யன்னலடிக்குப் போய், நின்றபடி முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசிப்பார். ஒருநாள் துணிந்து காரணம் கேட்டேன்.

"எழுதினவன் எங்கையோ ஒரு வாசல்லை நிண்டுகொண்டிருப்பான் ஐசே" என்றார். சற்று யோசித்துவிட்டு, "இருந்து வாசிச்சால் எனக்கு நித்திரையும் வரும்" என்றார்.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. தபால் வந்ததும் முத்திரை குத்தி, பெரிய பதிவேட்டில் இலக்கம், எழுதியவர் பெயர், ஊர், விஷயம் என்று கோடு கோடாக நிரப்ப வேண்டும். பெயரில்லாத மொட்டைப் பெட்டிசங்கள் தனிக் கட்டு. மற்றவற்றுக்கு ஓரத்தில் ஆறு வரிக்கு மேற்படாமல் இங்கிலீசில் சுருக்கம் எழுத வேண்டும். விசாரணையில் பெட்டிசத்தில் உள்ள ஒரு விபரம் பொய்யென்று கண்டால் முழுப் பெட்டிசமும் தள்ளுபடி. கடைசியில், பெட்டிசம் எந்தப் பாஷையில் வந்ததோ அந்தப் பாஷையிலேயே பதில் போக வேண்டும். இந்தக் கடைசி விதி என்னை என்ன பாடு படுத்தப் போகிறதென்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமைத் தபாலில் அது வந்தது. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த நாலு தாள். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சிலால் எழுதியிருந்தது. கீழே பத்தொன்பது பேர். அதில் பதினொன்று பெருவிரல் அடையாளம். மேலே பதினான்கு கண்ணிகள். முதற் கண்ணி இது:

வாய்க்கால் முடியும் இடத்திருந்தே – ஐயா
வணக்கம் சொல்லி எழுதுகிறோம்;
வாய்க்கால் இருக்குது பாம்புபோலே – அதில்
வாலுக்கு மட்டும் தண்ணியில்லை.

இரண்டாம் கண்ணிக்கு வரும்போது மேசைக்குக் கீழே என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சனியும் செவ்வாயும் எங்கள்முறை – அதைச்
சட்டத்தில் நீரே எழுதிவைத்தீர்;
சனிவர முன்னம் பலகையிட்டு – தண்ணி
தன்வயல் கொண்டு போனதாரோ?

விஷயம் இதுதான். அவர்களுடையது இரணைமடுவைப் போலப் பெரிய குளமல்ல, நடுத்தரமானது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கமம் செய்கிறார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நாளில் போதாது. அதனால் வாய்க்காலில் கதவு கதவாக முறை வைத்துத் திறப்பார்கள். முறையைப் பார்ப்பவர் வட்டவிதானை. அந்த விதானையாரின் வயலும் மைத்துனர்மாரின் வயல்களும் மூன்றாம் கதவடியில் இருந்தன. கடைசிக் கதவுக்காரரின் சனிக்கிழமைத் தண்ணீர் மூன்றாம் கதவைத் தாண்டவில்லை. செவ்வாய்த் தண்ணீர் மட்டும் வயலுக்குப் போதவில்லை. நெல் கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவம். அந்த நேரம் தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராகத்தான் வரும். கடைசிக் கதவில் இருந்தவை பத்தொன்பது குடும்பங்கள். யாழ்ப்பாணத்தில் காணி இல்லாமல், காடு வெட்டிக் குடியேறியவர்கள்.

விஷயம் என்ற கோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பெரிய கிளாக்கரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பெட்டிசம் எண்டால் வசனத்திலை இருக்கவேணும் தம்பி. இது கும்மி. நடவடிக்கை தேவையில்லை எண்டு எழுதித் தட்டிலை போடும்."

போட்டேன். பதராகப் போகும் நெல்லைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் அந்தத் தட்டைப் பார்க்காமலே வேலை செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாயாற்றுப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவரும் காதர் காக்கா சைக்கிளில் கந்தோரைத் தாண்டிப் போனார். பின்னால் கருவாட்டுக் கூடை, வாயில் பாட்டு. "வாய்க்கால் இருக்குது பாம்புபோலே" என்று அவர் இழுத்த இழுப்புக்கு எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். யன்னலடியில் நின்று வேறொரு பெட்டிசம் வாசித்துக்கொண்டிருந்த டி.ஆர்.ஓ. திரும்பினார்.

"என்ன பாட்டு ஐசே இது? மூண்டு நாளாய்க் கேக்குது."

"எங்கடை தட்டிலை இருக்கு சேர்" என்றேன்.

எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு கண்ணியையும் நின்று வாசித்தார். பெரிய கிளாக்கரும் எழுந்து நின்றார்.

"பாட்டு றோட்டாலை நாயாறு வரைக்கும் போயிட்டுது. எங்கடை கந்தோரிலை மேசையைத் தாண்டேல்லை" என்றார் டி.ஆர்.ஓ. அதைவிடக் கடுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம், "சுருக்கம் எழுதிக்கொண்டு வாரும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கதவுக்காரர் தங்கள் முறைத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று கூறுகிறார்கள் என இங்கிலீசில் ஒழுங்காக ஆறு வரி. அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"பாம்பு எங்கை?"

"சேர்?"

"வாலுக்குத் தண்ணி இல்லாத பாம்பு. அதை விட்டுப்போட்டீர். அதிலையெல்லோ விஷயம் முழுக்கக் கிடக்குது."

அரசாங்கச் சுருக்கம் ஒன்றில் நான் பாம்பை எழுதியது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை குளத்தடிப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. டி.ஆர்.ஓ. ஜீப்பைத் தானே ஓட்டி வந்தார். பின்னால் நானும் பியோன் சின்னராசாவும். ஒரு பக்கம் மேற்கதவுக்காரர், மறுபக்கம் கடைசிக் கதவுக்காரர். வாங்கில் சால்வை மடிப்புக் குலையாமல் விதானையார். அவரும் ஒரு பெட்டிசம் கொண்டுவந்திருந்தார், நல்ல வசனத்தில்.

"ஐயா, இந்தப் பாட்டை நிப்பாட்ட ஒரு ஓடர் போடுங்கோ. சந்தைக்குப் போகேலாமல் கிடக்கு. கத்தரிக்காய் விக்கிற பெண்டுகளும் என்னைக் கண்டால் முணுமுணுக்குதுகள்."

"என்னத்தை முணுமுணுக்கினம்?" என்று டி.ஆர்.ஓ. பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். "சொல்லுங்கோ, பதிவுக்கு வேணும்."

விதானையார் வாயைத் திறந்தார். சொல்வதென்றால் பாட வேண்டும். மூடிக்கொண்டார்.

"சரி, ஆர் இதை எழுதினது?"

கையெழுத்து வைத்த ஆண்கள் பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "நான்தான் எழுதினனான்" என்றது.

அவர் பெயர் கனகம்மா. நாற்பது வயதிருக்கும். வயலிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பிறந்த ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். காணி புருஷன் வேலுப்பிள்ளையின் பெயரில் என்பதால் கையெழுத்து அவருடையது, பாட்டு இவருடையது. களை பிடுங்கும்போது வாயில் வந்ததை மற்றப் பெண்கள் திரும்பச் சொல்லித் திருத்தி, வீட்டுக்குப் போய் எழுதினாராம்.

டி.ஆர்.ஓ. தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். "இருங்கோ அம்மா. எழுதினதைச் சொல்லுங்கோ."

"நிண்டே சொல்லுறன் ஐயா. ஆனால் பாடாமல் வராது."

"பாடுங்கோ."

அவர் பாடினார். இரண்டாம் கண்ணியில் பக்கத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். நாலாம் கண்ணியில் கை தட்டத் தொடங்கினார்கள். ஏழாவதில் பெருவிரல் வைத்த ஆண்களும் வாய் அசைத்தார்கள். யன்னலுக்கு வெளியே நின்ற மேற்கதவுக்காரர் ஒருவரின் தலைகூட ஆடியது. சாட்சியின் வாய்மொழியைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது என் கடமை. "சாட்சி பாடினார்" என்று எழுதிவிட்டு, அதற்குமேல் எழுதமுடியாமல் பேனையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். டி.ஆர்.ஓ. பார்த்தார். பிறகு பாடுகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாம் கண்ணி முடிந்ததும் விதானையார் எழுந்தார். அந்தக் கண்ணி இது:

ஏழு சனியாய் நனையவில்லை – பயிர்
ஏங்கித் தலையைக் கவிழ்க்குதையா;
வாழவிட் டாலென்ன விதானையாரே – உம்ம
வயலிலே மீனுக்கும் நீச்சலுண்டே.

"ஐயா, இது பொய்" என்றார். "வாய்க்கால் காவலாளியின்ரை கொப்பி இருக்கு. முதல் ரெண்டு சனியும் கடைசிக் கதவுக்குத் தண்ணி போனது. வாங்கினம் எண்டு அவையளே கையெழுத்து வைச்சிருக்கினம். ஒண்டு இந்தா, இவாவின்ரை புருஷன்ரை."

கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உண்மைதான். வேலுப்பிள்ளையின் கையெழுத்து கோணலாக, தெளிவாக இருந்தது. ஒரு விபரம் பொய்யென்றால் முழுப் பெட்டிசமும் தள்ளுபடி. அது எனக்குத் தெரியும். விதானையாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கை தட்டிய பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

டி.ஆர்.ஓ. கனகம்மாவிடம் கேட்டார். "ஏழோ, ஐஞ்சோ?"

வேலுப்பிள்ளை குனிந்து, "ஏழெண்டே சொல்லு, விடாதை" என்று கிசுகிசுத்தது முன்வாங்கில் இருந்த எனக்குக் கேட்டது. வேறு இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். கனகம்மா யாரையும் பார்க்கவில்லை.

"ஐஞ்சு ஐயா" என்றார்.

"அப்ப ஏன் ஏழெண்டு எழுதினீங்கள்?"

"ஏழெண்டால் 'ஏங்கி' தானாய் வந்து நிக்கும். பிறகு, ஏழும் சனியும் சேர்ந்தால் எங்கடை பாடு சனத்துக்குச் சொல்லாமலே விளங்கும்."

பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. டி.ஆர்.ஓ.வின் மீசையும் அசைந்தது. "ஏழரை எண்டு போடாமல் விட்டீங்களே, அது பெரிய காரியம்" என்றார். பிறகு முகம் மாறியது. "ஆனால் பொய்க் கணக்கு என்ரை கோவைக்குள்ளை நிக்கேலாது. விசாரணை முடியமுன்னம் நீங்களே திருத்தலாம். திருத்துறீங்களோ?"

"ஐஞ்செண்டு போட்டால் கண்ணி முறியும் ஐயா."

"அப்ப ஐஞ்சுக்கு ஒண்டு பாருங்கோ."

கனகம்மா யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார். உதடு அசைந்தது. வலக்கை விரல்கள் சேலையில் தட்டின. விதானையார் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு வெத்திலை போடும் நேரம் இருக்கும். பிறகு கனகம்மா பாடினார்:

ஐஞ்சு சனியாய் நனையவில்லை – பயிர்
அஞ்சித் தலையைக் கவிழ்க்குதையா;
கெஞ்சியும் பார்த்தோம் விதானையாரே – உம்ம
கெண்டைமீன் துள்ளக் குறைவுமில்லை.

முந்தினதைவிட இது நன்றாக இருந்தது. எனக்குப் பாட்டுத் தெரியாது. ஆனால் அது தெரிந்தது. பெண்கள் ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டு திரும்பப் பாடினார்கள். நான் ஏழை வெட்டி ஐஞ்சு எழுதினேன். கனகம்மா ஓரத்தில் கையெழுத்து வைத்தார்.

டி.ஆர்.ஓ. கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "இப்ப சொல்லுங்கோ விதானையார். ரெண்டு சனிக்குக் கையெழுத்து இருக்கு. மிச்சம் ஐஞ்சு சனிக்கும் இடம் வெறுமையாய்க் கிடக்கு. பாட்டும் கொப்பியும் இப்ப ஒரே கணக்கைத்தானே சொல்லுது?"

விதானையார் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் கொண்டுவந்த சாட்சி அது.

அங்கிருந்து எல்லாரும் வாய்க்கால் கரையால் நடந்து மூன்றாம் கதவுக்குப் போனோம். பலகை இருந்தது. இடுக்கெல்லாம் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தது. அதற்கு மேலே விதானையாரின் வயலில் முழங்கால் அளவு தண்ணீர். டி.ஆர்.ஓ. வரம்பில் குந்தி நீரைப் பார்த்தார்.

"பாட்டிலை மீன் எண்டு இருக்கு. மீனைப் பாக்காமல் நான் எழுதேலாது" என்றார்.

சின்னராசா அதைத்தான் காத்திருந்தவன்போல் காக்கிக் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டு தரம் விழுந்து எழும்பி, மூன்றாம் தரம் ஒரு கெண்டையைத் தூக்கிப் பிடித்தான். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், மேற்கதவுக்காரர் சிலரும்தான். நான் அதைப் பதிந்தேன்: சான்றுப் பொருள், மீன் ஒன்று, உயிருடன். அது எப்படி முடிந்ததென்று பிறகு கணக்காய்வில் கேட்டார்கள். "அழுகும் பொருள், பதிந்தபின் அகற்றப்பட்டது" என்று எழுதியிருந்தோம். குழம்பு நல்ல ருசி என்று சின்னராசா சொன்னான்.

பலகையை அங்கேயே கழற்றச் சொன்னார் டி.ஆர்.ஓ. விதானையார் வேறு யாரையும் விடாமல் தானே இறங்கிக் கழற்றினார். தண்ணீர் சத்தத்தோடு கீழே ஓடியது. கடைசிக் கதவுப் பெண்கள் அதற்கு முன்னால் ஓடினார்கள், தங்கள் வரம்புகளைத் திறந்துவிட.

சேற்றுக் காலோடு கரையேறிய விதானையார், "அப்ப என்ரை பெட்டிசம் ஐயா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது.

"பாட்டை நிப்பாட்ட என்னட்டைச் சட்டம் இல்லை" என்றார் டி.ஆர்.ஓ.

கனகம்மா திரும்பி நின்று சொன்னார்: "தண்ணி வந்தால் பாட்டு தானாய் நிக்கும் அண்ணை."

அந்தப் போகம் கடைசிக் கதவில் முழு விளைச்சல் இல்லை. நாலில் ஒரு பங்கு பதராகத்தான் போனது. பெட்டிசம் தட்டில் கிடந்த இரண்டு நாளில் எவ்வளவு போனதென்று நான் யாரிடமும் கேட்கவில்லை. மீதி மூன்று பங்கும் வீட்டுக்கு வந்தது. விதானையார் பதவியில் தொடர்ந்தார். ஒவ்வொரு சனியும் விடிய எழும்பித் தானே போய்க் கதவைத் திறந்தார். திறக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார் என்று வாய்க்கால் காவலாளி எனக்குச் சொன்னார். நான் நம்பினேன், அந்த மெட்டு அப்படிப்பட்டது.

இனி என் பாடு. பெட்டிசத்துக்குப் பதில் போக வேண்டும். டி.ஆர்.ஓ. தீர்ப்பை எழுதிக் கோவையை என்னிடம் நீட்டினார்.

"வந்த பாஷையிலேயே பதில். விதி தெரியுமெல்லோ ஐசே?"

"தமிழிலை எழுதுறன் சேர்."

"தமிழிலை எண்டு நான் சொல்லேல்லை."

சிரிக்காமல்தான் சொன்னார். நானும் இளைஞன், உண்மையென்று எடுத்துக்கொண்டேன். கும்மியில் பதில் எழுத உட்கார்ந்தேன். கதவுக்கு எதுகையாக உதவு வந்தது. அதற்குமேல் ஒன்றும் உதவவில்லை. பதினெட்டு நாள் கழிந்தது. குப்பைக் கூடை நிறைந்தது. பிறகு ஒரு காலைத் தபாலில், அதே ஊதாப் பென்சிலில் ஒரு தாள் வந்தது.

கந்தோர்க் கிளாக்கர் தம்பிஐயா – உம்ம
கையிலே பேனை உறங்கிடுதோ?
வந்தது தண்ணி வயலுக்கெல்லாம் – உம்ம
வாசகம் மட்டும் வரவில்லையே.

டி.ஆர்.ஓ. யன்னலடியில் நின்று வாசித்தார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சத்தமாகவே சிரித்தார். தாள் என் மேசைக்கு வந்தது.

"பதியும்" என்றார் டி.ஆர்.ஓ.

பதிந்தேன். இலக்கம், பெயர், ஊர். விஷயம் என்ற கோட்டில் என் கையாலேயே "கிளாக்கரின் தாமதம்" என்று எழுதினேன்.

அன்றைக்கே ஒரு தாள் எடுத்து, மேலே கந்தோர் முத்திரை குத்தி, இரண்டே வசனம் எழுதினேன். கடைசிக் கதவுக் காணிகளுக்குச் செவ்வாய், சனி இரு நாளும் காலை ஆறு மணி தொடக்கம் தண்ணீர் விடப்படும். மூன்றாம் கதவில் பலகை இடுவது தடை செய்யப்பட்டுள்ளது. டி.ஆர்.ஓ. கையெழுத்து வைத்தார். தபாலில் போட வெட்கமாக இருந்தது. சைக்கிளில் நானே கொண்டுபோனேன்.

கனகம்மா வரம்பில் நின்றார். சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, உரக்க வாசித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் தாளத்துக்குக் கையை எடுத்து, தாளம் வராமல் கையை விட்டார்கள்.

"இதிலை மோனை இல்லைத் தம்பி" என்றார்.

"ஓம் அக்கா. வரேல்லை."

அவர் இன்னொரு தரம் வாசித்தார், இம்முறை மனதுக்குள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மோனை இல்லாட்டியும் தண்ணி இருக்கு" என்றார். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."